சுயஸ் போரும் சட்ட ஆலோசகரும்

அரசொன்று போருக்குப் புறப்பட்ட காரணத்தைச் சேனாதிபதிகளின் நினைவுக் குறிப்புகளிலும் மந்திரிகளின் பாராளுமன்றப் பேச்சுக்களிலும் தேடுவது வரலாற்றாசிரியர் வழக்கம். நாம் இங்கு வேறோர் இடத்தில் தேட விரும்புகிறோம். வெளிநாட்டு அமைச்சுக்களில் சட்ட ஆலோசகர் என்னும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அயல்நாடுகளுடன் செய்யும் உடன்படிக்கைகளின் வாசகத்தைத் திருத்தமுற அமைப்பவர் அவர்; கடலெல்லை, தூதுவர் உரிமை, குடிமக்கள் பாதுகாப்பு முதலிய விடயங்களில் நாடுகளுக்கிடையிலான சட்டம் யாது கூறுகிறது என்று மந்திரிக்கு எடுத்துரைப்பவர் அவர். சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு வரின் நாட்டின் சார்பிலே நிற்பவரும் பெரும்பாலும் அவரே. அவர் பெயரைப் பொதுமக்கள் அறியார். பத்திரிகைக்காரர் அவரைத் தேடிப் போவதுமில்லை. அவர் எழுதுவன யாவும் இரகசியக் கோப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும், ஓர் அரசு தான் செய்வது தவறென அறிந்து செய்ததா, அறியாது செய்ததா என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் அந்தக் கோப்புகளிலேதான் கிடக்கிறது.

மலையமானின் மக்களை யானைக்கு இடத் துணிந்த கிள்ளிவளவன் முன்னே கோவூர்கிழார் சென்று நின்று அவர்களை உய்யக்கொண்ட செய்தியை நாம் புறநானூற்றிலே கற்றிருக்கிறோம். இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளாத அரசனுக்குப் பகைவர் வேண்டியதில்லை என்ற கருத்தை வள்ளுவரும் வற்புறுத்தியிருக்கிறார். ஆனால் கோவூர்கிழார் பரிசில் வாழ்க்கையினர். ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலை நாடிச் செல்லும் சுதந்திரம் அவருக்கிருந்தது. இக்காலச் சட்ட ஆலோசகரோ மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறும் அரசாங்க ஊழியர். அவர் யாரைத் தடுக்க வேண்டுமோ அவரே அவருடைய எசமானர். அவரிடம் படையில்லை, வாக்கில்லை, மேடையில்லை. கேட்டால் எழுதலாம், கேளாவிட்டாலும் துணிவிருந்தால் எழுதலாம். அதிகாரம் அவ்வளவே.

பிரித்தானியாவில் இப்பதவி தோன்றிய வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் வெளிநாட்டு அலுவலகத்துக்கென்று நிலையான சட்ட ஆலோசகர் இருந்ததில்லை. சிக்கல் எழுந்தபோதெல்லாம், கடற்சட்டமும் உரோமச் சட்டமும் கற்ற 'இராணியின் வழக்குரைஞர்' என்னும் பட்டம் பெற்ற ஒருவருக்குக் கடிதக் கட்டு அனுப்பப்படும். அவர் தம் இல்லத்திலிருந்தே படித்து அபிப்பிராயம் எழுதி அனுப்புவார். 1862ஆம் ஆண்டிலே அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையைக் காக்கப் போராடிய தென்மாநிலங்களுக்காக, லிவர்பூலுக்கு எதிரேயுள்ள பேர்க்கன்ஹெட் கப்பற்றுறையில் ஒரு போர்க்கப்பல் கட்டப்பட்டு வந்தது. நடுநிலை நாடொன்றின் துறைமுகத்தில் இவ்வாறு நடைபெறுவது முறையன்று என வட அமெரிக்காவின் தூதுவர் அடுக்கடுக்காகச் சாட்சியங்களைச் சமர்ப்பித்தார். அப்பத்திரங்கள் வழக்கம்போல இராணியின் வழக்குரைஞராகிய சேர் ஜோன் ஹார்டிங்கின் வீட்டுக்குப் போயின. அவரோ அப்போது சித்தசுவாதீனம் இழந்திருந்தார். வெளிநாட்டு அலுவலகத்தில் எவருக்கும் அது தெரியாது. பத்திரங்கள் அவ்வீட்டிலே சில நாட்கள் படிக்கப்படாமற் கிடந்தன. கப்பலைத் தடுக்கவேண்டுமென்ற அபிப்பிராயம் ஒருவாறு பெறப்பட்டபோது, ஜூலை 29ஆந் திகதி, அது கடலுக்குள் நழுவிவிட்டது. 'அலபாமா' என்ற பெயருடன் இரண்டு ஆண்டுகள் அது வட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தும் எரித்தும் திரிந்தது. 1872இல் ஜெனீவாவிலே கூடிய நடுவர் மன்றம் பிரித்தானியா 1 கோடியே 55 இலட்சம் டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. கேட்டும் காலத்தில் விடை கிடையாது போன சட்ட ஆலோசனைக்கு இவ்வளவு விலை.

அதே 1872இல் இராணியின் வழக்குரைஞர் என்ற பதவியும் வெறுமையாயிற்று. கடைசியாக அதனை வகித்தவர் சேர் ட்ரவேர்ஸ் ட்விஸ். அவர் பின்னாளில் பெல்ஜிய மன்னன் லியோபோல்டுக்குக் கொங்கோவை விழுங்கச் சட்டவாதம் தயாரித்துக் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். சட்டப் புலமை எப்பக்கத்துக்கும் ஏவல் செய்யும். 1876இல் ஜூலியன் போன்ஸ்புட் என்பவர் வெளிநாட்டு அலுவலகத்துக்குள்ளேயே சட்ட விடயங்களுக்குப் பொறுப்பான உதவிச் செயலாளராக அமர்த்தப்பட்டார். பத்தாண்டுகளின் பின் 'சட்ட ஆலோசகர்' என்ற பெயருடனேயே தனிப் பதவி உண்டாயிற்று. இந்தப் போன்ஸ்புட் 1885இல் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கு கூடிய சர்வதேச ஆணைக்குழுவின் வேலை, சுயஸ் கால்வாயிலே கப்பல்கள் தடையின்றிச் செல்வதற்கான விதிகளை அமைப்பது. அதன் பயனாக 1888இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. போர்க்காலமாயினும் சமாதான காலமாயினும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்பதும், கால்வாயிலும் அதன் துறைமுகங்களிலும் போர்ச்செயல் எதுவும் நிகழலாகாது என்பதும் அதன் உயிர்நிலை. பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகத்தின் முதற் சட்ட அதிகாரி கைவைத்து ஆக்கிய அந்த விதிகளுக்கு, அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் அதே அலுவலகத்தின் எசமானர்கள் இழைத்ததையே இனிக் கூறப்போகிறோம்.

1956 என்றதும் இலங்கைத் தமிழ் வாசகரின் நெஞ்சிலே முன்வந்து நிற்பது வேறொரு சட்டம் என்பதை அறிவோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கொழும்பிலே தனிச் சிங்கள மசோதா நிறைவேறியது. அடுத்த மாதம் 26ஆந் திகதி அலெக்சாந்திரியாவில், பெருங்கூட்டமொன்றின் முன்னே, சுயஸ் கால்வாய்க் கம்பனியைத் தேசியமயமாக்குவதாக ஜனாதிபதி நாசர் அறிவித்தார். அஸ்வான் அணைக்கு உதவுவதாகக் கூறிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதற்குச் சில நாட்களின் முன்னரே கைவிரித்திருந்தன. எகிப்திய உழவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. அதன் பங்குகளில் எகிப்து வைத்திருந்த 44 வீதத்தையும், கடனில் மூழ்கிய எகிப்திய அரசனிடமிருந்து 1875இல் சுமார் 40 இலட்சம் பவுணுக்கு டிஸ்றேலி வாங்கிக்கொண்டார். அதன்பின் எகிப்துக்கு எஞ்சியது கால்வாயின் இரு கரைகளும் வெயிலுமே.

நாசரின் செயல் சட்டவிரோதமா? தேசியமயமாக்கல் என்றாலே கொள்ளை என்று இலண்டன் பத்திரிகைகள் முழங்கின. ஆனால் கம்பனி சட்டப்படி எகிப்திலே பதிவான கம்பனி. அதன் சலுகைக் காலமே 1968இல் முடிவதாயிருந்தது. பங்குதாரருக்குப் பாரிஸ் பங்குச் சந்தையின் முன்னாள் விலைப்படி நட்டஈடு கொடுப்பதாக நாசர் அறிவித்திருந்தார். கப்பல்களும் முன்போலவே சென்றுகொண்டிருந்தன. மறுநாள் கூடிய பிரித்தானிய மந்திரிசபை, குறுகிய சட்ட நோக்கில் பார்த்தால் இது பங்குதாரரை விலைகொடுத்து வாங்குவதற்கு மேலான செயலன்று என்பதைத் தன் நடவடிக்கைக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆதலால் சட்டத்தின்மேல் நில்லாது, கால்வாயின் சர்வதேச முக்கியத்துவம் என்ற பரந்த நிலத்தின்மேல் நிற்பதென்றும், வேறு வழியில்லையேல் படைபலத்தையும் பயன்படுத்துவதென்றும் முடிவாயிற்று. மேற்கைரோப்பாவின் எண்ணெயிற் பெரும்பகுதி அவ்வழியே வந்தது. பிரதம மந்திரி அன்ரனி ஈடனின் அச்சம் எண்ணெயைப் பற்றியது மாத்திரமன்று. ஓர் அரபு நாடு இவ்வாறு செய்து தப்பிக்குமானால் ஏனைய நாடுகளும் பின்தொடரும் என்பதே உள்ளுறை அச்சம்.

அப்போது வெளிநாட்டு அலுவலகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகராயிருந்தவர் சேர் ஜெரல்ட் பிற்ஸ்மொறிஸ். 1929 முதலே அவ்வலுவலகத்தின் சட்டப் பிரிவில் வளர்ந்தவர். ஐக்கிய நாடுகள் சாசனம் உருவான 1945ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கும் சென்றவர். 1953இல் தலைமைப் பதவிக்கு உயர்ந்த அவர், உடன்படிக்கைச் சட்டத்தில் உலகறிந்த புலமையாளர். சாசனத்தின்படி ஒரு நாடு மற்றொரு நாட்டின்மீது படை செலுத்துதல் கூடாது. ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளானபோது தற்காப்புக்காகவும், பாதுகாப்புச் சபையின் அனுமதியுடனும் மாத்திரமே படைபலம் ஏற்புடையது. எகிப்து எவரையும் தாக்கவில்லை, கால்வாயையும் மூடவில்லை. கம்பனியொன்று கைமாறியது படையெடுக்கும் உரிமையைத் தராது என்பதைப் பிற்ஸ்மொறிஸ் தம் மேலதிகாரிகளுக்குத் தெளிவாகவே உணர்த்தினார். சட்டமா அதிபர் மனிங்ஹாம்-புல்லரும் சொலிசிற்றர் ஜெனரல் ஹில்ரன்-பொஸ்ரரும் அதே நிலையில் நின்றனர். இம்மூவரும் இடதுசாரிகளல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னிருவரும் ஆளும் பழமைக்கட்சியின் அரசியல்வாதிகளே.

ஈடனுக்கு வேண்டிய விடையைத் தந்தவர் லோர்ட் சான்சலராகிய கில்மூர் பிரபு. தாக்கப்பட்டாற்றான் தற்காப்பு என்ற சாசனத்தின் வாசகம் பழைய வழக்குரிமைகளை அழித்துவிடவில்லை. தன் மக்களையும் உடைமையையும் காக்க ஒரு நாடு படை அனுப்பலாம். கால்வாயே உலகத்துக்குரிய பொதுச் சொத்துப் போன்றது என்பன அவர் வாதங்கள். இக்கில்மூர் பிரபு யாரென்றால், டேவிட் மக்ஸ்வெல் பைவ் என்ற இயற்பெயருடன் 1946இல் நூறன்பேர்க் நீதிமன்றத்திலே கோரிங்கையும் றிபன்றொப்பையும் குறுக்கு விசாரணை செய்தவர். ஆக்கிரமிப்புப் போரே தலையாய சர்வதேசக் குற்றம் என்று அம்மன்றம் தீர்ப்பளித்துப் பத்தாண்டு நிறைந்த அதே மாதங்களில் அவர் இவ்வாதங்களை எழுதிக் கொடுத்தார். தோற்றவனுக்கு ஒரு சட்டம், வென்றவனுக்கு ஒரு சட்டம் என்ற ஐயத்தை உலகத்து எளிய மக்களின் நெஞ்சிலே விதைத்தவர்களுள் அவரையும் சேர்க்கத்தான் வேண்டும்.

ஆகஸ்டிலே இலண்டனில் 22 நாடுகளின் மாநாடு கூடியது. கால்வாயைச் சர்வதேசச் சபையொன்றின் கையிற் கொடுக்கும் திட்டத்தை 18 நாடுகள் ஏற்றன. இணங்காத நான்கு நாடுகள் இந்தியா, இந்தோனேசியா, சோவியத் யூனியன், இலங்கை. ஒக்டோபரில் நியூயோர்க்கிலே பாதுகாப்புச் சபை ஆறு கோட்பாடுகளை வகுத்தது. பேச்சுவார்த்தையால் முடிக்கலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது. அதே வேளையில், ஒக்டோபர் 14ஆந் திகதி, பிரெஞ்சு அரசின் தூதர் இருவர் ஈடனின் நாட்டுப்புற மாளிகைக்கு இரகசியமாக வந்தனர். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கட்டும். போரிடுவோரைப் பிரித்து வைப்பவர்போல் நாம் இருவரும் கால்வாயைப் பிடித்துக்கொள்வோம் என்பது அவர்கள் கொண்டுவந்த யோசனை. தீ வைத்தவனே குடத்துடன் ஓடிவரும் இந்தச் சூழ்ச்சியைக் கேட்டிருந்தவர்களுள் வெளிநாட்டு அலுவலகத்தின் இராஜாங்க மந்திரி அன்ரனி நற்றிங்கும் ஒருவர். இவ்விடயத்தில் பிற்ஸ்மொறிஸின் கருத்தையாவது கேட்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சட்டக்காரர் எப்போதும் எதையும் செய்யவொட்டாது தடுப்பவர்கள், கடவுளின் பெயரால் அவர்களை இதிற் சேர்க்காதீர்கள், இது அரசியல் விடயம் என்ற பொருள்பட ஈடன் மறுத்துவிட்டார். 1967இல் நற்றிங் எழுதிய நூலிலே இச்செய்தி காணப்படுகிறது.

இம்மறுப்பைச் சற்று நின்று நோக்குவோம். விடை என்னவென்று தெரியாதவன் கேட்பான். விடை தனக்கு உதவுமென்று நம்புபவனும் கேட்பான். ஈடன் கேளாது விட்டது விடை அவருக்கு முன்பே தெரிந்திருந்ததனாலேயே. மாணவர்களுக்குச் சுயஸ் நெருக்கடியைக் கற்பிக்கும்போது அதனைப் பிரித்தானியாவின் 'தவறான கணிப்பு' என்று எழுதும் பாடநூல்களைக் காண்கிறோம். கணக்குப் பிழைத்தவன் விடைத்தாளை ஒளிப்பதில்லை. ஈடனின் அரசாங்கம் எத்தனை பேரிடம் ஒளித்தது! ஒக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸுக்கு அண்மையிலுள்ள செவ்ற் என்னும் ஊரிலே மூன்று அரசுகளின் பிரதிநிதிகளும் கூடி எழுத்திலே உடன்பாடு செய்தனர். பிரித்தானியாவின் சார்பிற் கையொப்பமிட்டவர் வெளிநாட்டு அலுவலக அதிகாரி பற்றிக் டீன். எழுத்தில் ஒன்று உண்டென்று கேட்டதும் ஈடன் திடுக்குற்றார். மறுநாளே பிரதிகளை மீட்டு வருமாறு டீனை மீண்டும் பாரிஸுக்கு அனுப்பினார். பிரித்தானியப் பிரதி அழிக்கப்பட்டது. இஸ்ரேலின் கையிலிருந்த பிரதி தப்பியது. 1996இல் உலகம் அதனைக் கண்டது.

இந்த உடன்பாட்டின் நகலொன்றேனும் தலைமைச் சட்ட ஆலோசகரின் மேசைக்கு வரவில்லை. ஒரே கூரையின்கீழ், சில படிக்கட்டுகளுக்கு அப்பால், உடன்படிக்கைச் சட்டத்தின் பெரும் புலவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய அலுவலகம் அவருக்குத் தெரியாமல் ஓர் உடன்படிக்கை செய்கிறது.

ஒக்டோபர் 29இல் இஸ்ரேல் தாக்கியது. மறுநாள் பிரித்தானியாவும் பிரான்சும் இரு பக்கத்துக்கும் இறுதி எச்சரிக்கை விடுத்தன. பாதுகாப்புச் சபையில் வந்த தீர்மானங்களை இரத்து அதிகாரத்தால் முறித்தன. 31ஆந் திகதி எகிப்தின் விமானத் தளங்கள்மீது குண்டுகள் விழுந்தன. சட்டமா அதிபர் வெளிநாட்டு மந்திரி செல்வின் லொயிட்டுக்கு எழுதினார்: அரசாங்கம் கூறும் சட்டக் காரணத்தைத் தாம் ஏற்க இயலாது, தம்மிடம் ஆலோசனை கேட்கப்படவுமில்லை, ஆயினும் அரசாங்கத்தின் உறுப்பினன் என்ற முறையில் ஆதரவு தருவார். மனச்சாட்சியையும் கட்சி விசுவாசத்தையும் ஒரே கடிதத்தில் வைத்து ஒட்டிய இந்த வித்தை நமக்கு வியப்பளிக்கவில்லை. பிற்ஸ்மொறிஸும் எழுதினார். சட்டப் பிரிவு கலந்தாலோசிக்கப்படவில்லை என்பதையும், நடந்ததைச் சட்டத்தால் நியாயப்படுத்த இயலாது என்று தாம் கருதுவதையும் அவர் கோப்பிலே பதிந்துவைத்தார். மக்கள் சபையிலோ அரசாங்கத்தின் செயலுக்குச் சட்ட ஆதரவு உண்டென்று மந்திரிமார் பேசிக்கொண்டிருந்தனர். பிரபுக்கள் சபையிலே சர்வதேச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவரான மக்னேயர் பிரபு எழுந்து, இப்படையெடுப்புக்குச் சட்ட நியாயம் எதனையும் தம்மாற் காண இயலவில்லை என்றார். 1952இல் ஈரானிய எண்ணெய் வழக்கிலும், விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கில்லை எனத் தம் சொந்த நாட்டுக்கு எதிராக வாக்களித்தவர் அவர்.

நவம்பர் 2ஆந் திகதி காலைப்பொழுதில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை உடனடிப் போர்நிறுத்தத்தைக் கோரியது. ஆதரவு 64, எதிர்ப்பு 5. எதிர்த்தோர் போரிட்ட மூவருடன் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். சபைக்குள் நுழைந்து ஓராண்டும் நிறையாத இலங்கை அந்த 64இல் ஒன்று. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் அன்றும் பிரித்தானியப் படையின் கையிலேயே இருந்தன என்பதையும், நம் தேயிலை இலண்டனுக்குப் போகும் வழியே சுயஸ் கால்வாய் என்பதையும் நினைத்தால் அவ்வாக்கின் பொருள் விளங்கும். அத்தளங்கள் 1957இன் பிற்பகுதியில் நம் கைக்கு வந்தன.

போர் நின்றது சட்டத்துக்கு அஞ்சியன்று. பவுணின் வீழ்ச்சி, அமெரிக்காவின் பொருளாதார நெருக்குதல், சோவியத் எச்சரிக்கை, பிரித்தானிய நகரங்களிலே திரண்ட தொழிலாளர் கூட்டங்கள் ஆகியவையே நவம்பர் 6ஆந் திகதி நள்ளிரவில் துப்பாக்கிகளை ஓயச் செய்தன. இதே வாரத்தில் புடாபெஸ்ற் நகரிலே சோவியத் தாங்கிகள் நுழைந்ததையும், எகிப்துக்காகக் குரல் கொடுத்த முற்போக்காளர் பலர் ஹங்கேரிக்காக வாய்திறவாததையும் மறைத்துவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது. டிசம்பர் 20இல் மக்கள் சபையிலே, இஸ்ரேல் தாக்கப்போவதை முன்னர் அறிந்திருக்கவில்லை என்று ஈடன் கூறினார். மூன்று வாரங்களின் பின் பதவி விலகினார். நற்றிங் முன்னரே விலகியிருந்தார். பிற்ஸ்மொறிஸ் விலகவில்லை.

அவர் விலகியிருக்க வேண்டுமா? உத்தியோகத்தில் இருந்தால் அடுத்த தவற்றையாவது தடுக்கலாம் என்பது ஒரு வாதம். அடுத்த தவற்றிலும் கேட்கமாட்டார்கள் என்பது மறுவாதம். நமக்கு இவ்விரண்டையும்விட முக்கியமாகத் தோன்றுவது அவர் எழுதியது. முப்பதாண்டு விதியின்படி 1987இன் தொடக்கத்தில் சுயஸ் கோப்புகள் திறக்கப்பட்டபோது, அரசாங்கம் அன்று கூறியதற்கு எதிரான சாட்சியம் அரசாங்கத்தின் கடதாசியிலேயே, அரசாங்கத்தின் மையாலேயே எழுதப்பட்டிருந்தது. எகிப்தியரோ இந்தியரோ நாமோ கூறியிருந்தால் பகைவர் கூற்றென்று தள்ளியிருப்பர். தன் ஆலோசகர் சொன்னதை எவ்வாறு தள்ளுவது?

ஆனால் இவரை நாம் மாலையிட்டு வணங்கவேண்டியதில்லை. 1960இல் பிற்ஸ்மொறிஸ் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியானார். தென்மேற்கு ஆபிரிக்காவிலே இன ஒதுக்கலைப் புகுத்திய தென்னாபிரிக்காவுக்கு எதிராக எதியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கு 1966இல் முடிவாயிற்று. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தனர். தலைவரின் மேலதிக வாக்கினால் வழக்குத் தள்ளப்பட்டது. தள்ளிய எழுவருள் பிற்ஸ்மொறிஸ் ஒருவர். ஐந்தாண்டுகளின் பின், தென்னாபிரிக்கா நமீபியாவை விட்டு வெளியேற வேண்டுமென்று பதின்மூவர் கூறியபோதும் மறுத்த இருவருள் ஒருவராக நின்றார். 1978இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலே, பதினைந்து வயதுப் பையனைப் பிரம்பால் அடித்த தண்டனை இழிவுபடுத்துவது என ஏனைய அறுவரும் கருத, மாணவரை அடித்தல் வழக்கமாயிருந்த கல்விமுறையிலே தாம் வளர்ந்தவர் என்று கூறித் தனித்து நின்றார். ஆசிரியர்களாகிய நம்மவருள் சிலர் அவருடன் உடன்படக்கூடும்! எழுத்திலுள்ள சட்டம் அவருக்குத் தெய்வம். அந்தத் தெய்வம் 1956இல் எகிப்தியர் பக்கத்தில் நின்றது. 1966இல் நமீபியர் பக்கத்தில் நிற்கவில்லை. அவ்வளவே அவருடைய நியாயம். அடிமைப்பட்ட நாடுகள் இத்தகையோரை மாத்திரம் நம்பியிருந்தால் இன்னும் காத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

2003இல் அதே வெளிநாட்டு அலுவலகத்திலே நாடகம் மீண்டும் அரங்கேறியது. இம்முறை சட்ட ஆலோசகரை ஒளித்துவைக்கவில்லை. தலைமைச் சட்ட ஆலோசகர் சேர் மைக்கல் வூட், பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி ஈராக்கின்மீது படை செலுத்துவது ஆக்கிரமிப்புக் குற்றமாகும் என்று ஜனவரி 24ஆந் திகதி வெளிநாட்டு மந்திரி ஜக் ஸ்ற்றோவுக்கு எழுதினார். ஐந்து நாட்களில் விடை வந்தது: உமது ஆலோசனையைக் கண்டேன், ஏற்கவில்லை என்பது அதன் சாரம். உள்நாட்டு அமைச்சில் இருந்தபோது சட்டத்துக்கு மாறென்று தமக்குக் கூறப்பட்ட காரியங்களைச் செய்து, பின் நீதிமன்றத்திலே வென்றதுண்டு என்றும் மந்திரி பதிலுரைத்தார். உள்நாட்டில் வழக்குத் தொடுக்க நீதிமன்றம் உண்டு. பக்தாத்தின்மீது குண்டு போடுமுன் ஈராக்கியர் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்ற சிறு வேறுபாட்டை அவர் பொருட்படுத்தவில்லை. வூட்டும் அவர்கீழ்ப் பணியாற்றிய சட்ட ஆலோசகர்களும் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்தினர். சட்டமா அதிபர் கோல்ட்ஸ்மித் பிரபு, மார்ச் 7ஆந் திகதி ஐயங்கள் நிறைந்த நீண்ட அபிப்பிராயம் ஒன்றைத் தந்தார். 17ஆந் திகதி பாராளுமன்றத்துக்கு ஐயமேதுமற்ற சிறு விடையொன்றை அளித்தார்.

மைக்கல் வூட் பதவியில் இருந்தார். 2006 வரை இருந்தார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்தவர் எலிசபெத் வில்ம்ஸ்ஹேர்ஸ்ற் என்னும் அம்மையார். 1974 முதல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவ்வலுவலகத்தின் சட்டப் பிரிவிலே பணியாற்றியவர். மார்ச் 18ஆந் திகதி அவர் தம் விலகற் கடிதத்தைக் கொடுத்தார். சுருக்கமான கடிதம். சட்டத்துக்கு மாறான படைபலம் ஆக்கிரமிப்புக் குற்றம் என்பதையும், அதற்குத் தாம் உடன்பட இயலாது என்பதையும் அதிலே எழுதினார். இரு நாட்களில் படைகள் ஈராக்கினுள் நுழைந்தன.

அக்கடிதத்தை மக்கள் காண இரண்டாண்டுகள் சென்றன. தகவலறியும் சட்டத்தின்கீழ் 2005 மார்ச்சில் அரசாங்கம் அதனை வெளியிட்டபோது ஒரு பகுதியை நீக்கியே வெளியிட்டது. நீக்கிய வரிகளை ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் கைப்பற்றி ஒளிபரப்பினர். சட்டமா அதிபரின் கருத்து முன்னர் வெளிநாட்டு அலுவலகச் சட்ட ஆலோசகர்களின் கருத்தாகவே இருந்ததும், மார்ச் 7இல் மாறியதும், அதன்பின் மீண்டும் ஒருமுறை மாறியதும் அவ்வரிகளிலே இருந்தன.